ஓட்டிலும் மயில், காட்டிலும் மயில்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் மயிலால் சிரமப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பாதிப் பேர் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மீதிப் பேர் கடலையோ நெல்லோ மிளகாயோ போட்டுவிட்டு விடியற்காலையில் வரப்பில் நிற்கிறவர்கள். மயிலைக் கொல்லாமல், விஷம் வைக்காமல் சமாளிக்க முடியும் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் இவ்வளவு மயில் இல்லையே, இப்போது மட்டும் எங்கிருந்து வந்தன?

எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே பெருகிவிட்டன. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, எத்தனையோ பறவைகள் குறைந்துகொண்டு வருகிற காலத்தில் மயில் இருபது ஆண்டுகளில் நாடு முழுக்க வெகுவாகக் கூடியிருப்பதாகச் சொல்கிறது. 1963இல் தேசியப் பறவை ஆக்கினார்கள், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை பெருமளவு நின்றது. அது ஒரு காரணம்.

நம் ஊர்க் காரணம் வேறொன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கண்மாய்ப் பாசனம் கெட்டு, ஆள் கிடைக்காமல், பிள்ளைகள் வெளியூர் போய், தரிசாக விட்ட நிலமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மயிலுக்கு முட்டையிடத் தரையில் மறைவான புதர் வேண்டும், பக்கத்திலேயே மேய்வதற்கு வெட்டவெளி வேண்டும், இரவில் அடைய உயரமான மரமோ கூரையோ வேண்டும், தண்ணீர் வேண்டும். கருவேலங்காடு, அதை ஒட்டி ஒரு கடலைக்காடு, அதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாத இரண்டு கட்டு வீடு, ஊர் நடுவில் ஊருணி என்று எல்லாவற்றையும் நாமே அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். முட்டையையும் குஞ்சையும் தின்று கணக்கைச் சரிசெய்து வந்த நரி, காட்டுப்பூனை போன்றவையும் முன்போல் கண்ணில் படுவதில்லை.

சட்டம் என்னதான் சொல்கிறது? என் நிலம், என் பயிர், நான் விரட்டக்கூடாதா?

விரட்டலாம். கைதட்டி, தகரம் தட்டி, தண்ணீர் பீய்ச்சி, நாயை விட்டுக் குரைக்க வைத்து விரட்டுவதில் தவறில்லை. காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, முட்டையை உடைப்பது, கூட்டைக் கலைப்பது இவை எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (அட்டவணை ஒன்று) இருக்கிறது, அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அபராதத்தின் கீழ் வரம்பை 25,000 ரூபாய் ஆக்கினார்கள்.

“காட்டுப்பன்றிக்கு அனுமதி தருகிறார்களே, மயிலுக்கு ஏன் இல்லை?” என்று கேட்கிறவர்கள் நிறைய. பன்றி அட்டவணை இரண்டில் இருக்கிறது, அந்த அட்டவணை விலங்கு பயிரை அழித்தால் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடமுண்டு. அட்டவணை ஒன்றில் உள்ள உயிர் மனித உயிருக்கே ஆபத்தாக ஆகியிருந்தால், அல்லது பிழைக்க முடியாத அளவுக்கு நோயோ ஊனமோ பட்டிருந்தால் மட்டுமே தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தர முடியும். பயிர்ச் சேதம் அந்தக் காரணங்களில் வராது. இது நியாயமா என்று விவாதிக்கலாம், கடலை போட்டுப் பாதி முளைப்பு கூட வராத ஒருவரிடம் போய் நான் விவாதிக்க மாட்டேன், ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே வாத்து முட்டையில் எண்ணெய் தடவிவிடுவார்கள், குஞ்சு பொரிக்காது, அப்படிச் செய்யுங்கள் அப்பச்சி என்கிறான். செய்யலாமா?

செய்யக்கூடாது. மகன் சொல்வது உண்மைதான். அங்கே கனடா வாத்து என்று ஒரு பெரிய காட்டு வாத்து, புல்வெளி, ஏரிக்கரை, கோல்ஃப் மைதானம் எங்கும் கூட்டமாக மேய்ந்து எச்சமிட்டு, குஞ்சு இருக்கிற நேரத்தில் ஆளையும் துரத்தும். அதற்கும் அங்கே 1918ஆம் ஆண்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வீட்டுக்காரர் அரசிடம் பதிவு செய்துகொண்டு, முட்டை மேல் சோள எண்ணெய் தடவி உள்ளே காற்றுப் போகாமல் செய்துவிட விதி இடம் கொடுக்கிறது. நம் ஊரில் மயில் முட்டையைத் தொட்டாலே குற்றம். பதிவு, அனுமதி என்று தனியாருக்கு எந்த வழியும் கிடையாது.

அங்கேயிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. தீனி போடாதே, ஒரே தந்திரத்தை நாள் கணக்கில் செய்யாதே, முட்டையிடும் இடத்தில் குடியேறுவதற்கு முன்பே தடு. இந்த மூன்றும் அங்கே வாத்துக்குச் சரியாக வருகின்றன, இங்கே மயிலுக்கும் சரியாக வரும்.

எங்கள் ஆச்சி தினமும் முகப்பில் அரிசி போடுகிறார்கள். முருகன் வாகனம், பட்டினி போடக்கூடாது என்கிறார்கள். எப்படி நிறுத்தச் சொல்வது?

இந்தக் கேள்வியில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். குன்றக்குடி மலையே மயில்தான் என்று கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். பழனிக்கு நடக்கிற குடும்பங்களில் மயிலுக்கு ஒரு பிடி அரிசி போடுவது பக்தி. அதைக் கேலி செய்துவிட்டு எந்த வீட்டிலும் எதையும் மாற்ற முடியாது.

ஆச்சியிடம் மயிலின் பக்கம் நின்று பேசிப் பாருங்கள். கையில் தீனி கண்ட மயில் மனிதனைப் பார்த்து ஒதுங்குவதை விட்டுவிடுகிறது. அப்புறம் ரோட்டில் நிற்கும், தெருநாய் வாயில் சிக்கும், அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கும் அதே உரிமையோடு போகும், அங்கே ஒருவர் கோபத்தில் எதையாவது கலந்து வைத்தால் அதையும் நம்பித் தின்னும். விஷம் வைத்து மயில்கள் கூட்டமாகச் சாகிற செய்திகள் தமிழ்நாட்டில் புதிதல்ல. நாம் அன்பாகப் போட்ட அரிசி அதைப் பழக்கியிருக்கும். இதைச் சொன்னால் பெரும்பாலான ஆச்சிமார்களுக்குப் புரிகிறது.

மயிலுக்கு நம் அரிசி தேவையும் இல்லை. புல் விதை, பூச்சி, கரையான், பல்லி, ஓணான், சின்னப் பாம்பு, எலிக்குஞ்சு, விழுந்த பழம் என்று எல்லாவற்றையும் தின்கிற பறவை அது. கடும் கோடையில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்துக் கடைசியில், ஒரு தொட்டியில் தண்ணீர் வைக்கட்டும். தீனியை ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் வந்து கத்தும், கதவைக் கொத்தும். அந்தச் சில நாளைத் தாண்டிவிட வேண்டும், இடையில் இரங்கி ஒரு கை போட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

ஓடெல்லாம் நகர்ந்து மழை உள்ளே இறங்குகிறது. மயில் காரணமாக இருக்குமா?

இருக்கும். ஆண் மயில் 4 முதல் 6 கிலோ எடை. அது புளியமரத்திலிருந்து நாட்டு ஓட்டின் மேல் தொப்பென்று இறங்கி, ஓட்டு வரிசையில் நடந்து, உச்சியில் போய் உட்கார்ந்தால் ஓடு நகரத்தான் செய்யும். குரங்கு உடைப்பதைப் போல உடனே தெரியாது. ஐப்பசி மழையில் கூரை மரச்சட்டத்தில் ஈரம் பார்த்த பிறகுதான் தெரியும், அதற்குள் தேக்கு உத்தரம் ஊறியிருக்கும். இந்த ஓட்டை மாற்றிப் போடத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன, அதனால் நகராமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

முதல் வேலை, கூரையைத் தொட்டுக்கொண்டோ கூரைக்கு மேலேயோ நிற்கிற கிளைகளை வெட்டுவது. மயில் பெரும்பாலும் தரையிலிருந்து நேராகக் கூரைக்குப் பறப்பதைவிட மரம், மதில் என்று படிப்படியாகத்தான் ஏறும். அந்தப் படியை எடுத்துவிட்டால் பாதிச் சங்கதி முடிந்தது. இரண்டாவது, முகட்டு வரிசைக்கு ஒரு சாண் மேலே இரண்டு முனையிலும் கம்பு நட்டு விறைப்பாக நைலான் நரம்பு கட்டுவது. காலை ஊன்ற முடியாத இடத்தில் பெரிய பறவை இறங்கத் தயங்கும். கூரான ஆணிப் பட்டைகள் விற்கிறார்கள், வேண்டாம். புறாவுக்குச் செய்த அது மயிலின் எடைக்கு வளைந்துவிடும், இல்லை காலைக் கிழித்துவிடும், காயப்பட்டால் வழக்கு உங்கள் மேல் வரும்.

வளவுக்கு, அதாவது உள்கட்டுக்கு, நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிற வீடுகளில் குரங்குக்காகப் போட்ட கம்பி வலையே மயிலுக்கும் போதும். ஒரு மூலையில் பிய்ந்திருக்கிறதா என்று மட்டும் மழைக்கு முன் ஏறிப் பாருங்கள். உள்ளே இறங்கிவிட்ட மயிலுக்கு மேலே எழும்பி வெளியேற இடம் பற்றாது, பயந்து தூணிலும் கண்ணாடியிலும் மோதும். அப்படி ஒன்று சிக்கிக்கொண்டால் துரத்த வேண்டாம். எல்லோரும் உள்ளே போய்விட்டு, முகப்புக் கதவை முழுக்கத் திறந்து, மற்ற பக்கத்துக் கதவுகளைச் சாத்தி, வெளிச்சம் ஒரே திசையில் தெரியும்படி செய்துவிட்டால் தானே நடந்து போய்விடும்.

எச்சத்தை எப்படிச் சுத்தம் செய்வது? ஆசிட் ஊற்றலாமா?

ஆசிட் ஊற்றவே கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும் சேர்த்து வார்த்த கல், சூளையில் சுட்டது அல்ல. ஆசிட் பட்டால் மேல் பளபளப்பும் வண்ணமும் அரித்துப்போகும், திரும்ப வராது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதிதான்.

காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்குவதும் தவறு, தூசி மூக்கில் போகும், பறவை எச்சத்தில் நோய்க்கிருமி இருக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மரச் சிராயாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ வழித்து எடுத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். கல் காய்ந்ததும் வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு. பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் மேல்மாடியைத் திறக்கும்போது சன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழித்து உள்ளே போவது நல்லது.

காரையும் சன்னல் கண்ணாடியையும் கொத்திக் கொத்திக் கீறல் போடுகிறது. ஏன்?

தன் நிழலைத்தான் கொத்துகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மயிலுக்கு இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் நிற்பது பொறுக்காது, கறுப்புக் காரின் கதவில் தெரிகிறதும் அதற்கு இன்னொரு ஆண்தான். தென்னிந்தியாவில் இந்த ஆவேசம் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தில் இருக்கும். காருக்குத் துணி உறை போடுங்கள், உறை இல்லாவிட்டால் பழைய போர்வை போதும், பக்கக் கண்ணாடிகளை மடக்கிப் பை மாட்டுங்கள். சன்னலுக்கு வெளிப்பக்கம் மயில் உயரத்துக்குச் செய்தித்தாள் ஒட்டலாம், அல்லது சோப்பைக் குழைத்துப் பூசி மங்கலாக்கலாம். உள்பக்கத் திரை பயன்படாது, வெளியிலிருந்து பார்க்கிறதற்கு நிழல் அப்படியே தெரியும். முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கிற வீடுகளில் அந்த இரண்டு மூன்று மாதம் ஒரு வேட்டியைத் தொங்கவிடுங்கள். பருவம் முடிந்ததும் தானாக அடங்கிவிடும்.

இரவெல்லாம் அகவுகிறது, தூக்கம் போகிறது.

அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான் அதிகம், அதுவும் அந்த இனப்பெருக்க மாதங்களில். நாய், கீரிப்பிள்ளை எதையாவது கண்டாலும் கத்தும். வெடி போட்டால் மற்ற மயில்கள் பதில் கத்தும், சத்தம் கூடத்தான் செய்யும். அது அடைகிற மரம் படுக்கையறைக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தி நேரத்தில் அது ஏறுவதற்கு முன்பே அடியில் நின்று தண்ணீரைப் பீய்ச்சித் திருப்பிவிட்டால் வேறு மரம் தேடும். ஏறி உட்கார்ந்த பிறகு இருட்டில் கலைக்காதீர்கள், மின்கம்பியில் விழும்.

நிலக்கடலை விதைத்தால் மறுநாளே கிளறித் தின்றுவிடுகிறது. என்னதான் செய்வது?

கடலைக்கு ஆபத்தான காலம் மொத்த வயதும் இல்லை. விதைத்த நாளிலிருந்து முளைத்து இரண்டு இலை விரிகிற வரை, ஏறக்குறைய 10 நாள். அப்புறம் காய் பிடித்துப் பறிக்கிற நேரத்தில் கொஞ்சம். உழைப்பு முழுவதையும் இந்த 10 நாளில் கொட்ட வேண்டும், மற்ற நாளில் மிச்சம் பிடிக்க வேண்டும்.

விதை மேலாக விழுந்தால் மயிலுக்கு விருந்து. 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மண்ணை நன்றாக மூடி, இறவை வசதி இருந்தால் உடனே தண்ணீர் கட்டிவிடுங்கள். ஓரத்தில் சிந்திய விதையைப் பொறுக்கிவிடுங்கள், மயில் அதைப் பார்த்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. மயில் காலையில் வெயில் ஏறும் முன்னும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும்தான் மேயும். நடுப்பகலில் நிழலில் ஒதுங்கிவிடும். ஆகவே விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு நாலு மணியிலிருந்து இருட்டும் வரை ஆள் நின்றால் போதும், நாள் முழுக்க வெயிலில் காய வேண்டியதில்லை.

ஊரோடு ஒரே வாரத்தில் விதையுங்கள், இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒருவர் மட்டும் முந்திப் போட்டால் ஊர் மயில் அத்தனையும் அந்த ஒரு காட்டில்தான் இறங்கும். இருபது காட்டில் ஒரே நேரத்தில் முளை வந்தால் சேதம் பரவி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கழியும். காவலையும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முன்பு மாமன் மச்சான் என்று கூடி இப்படித்தான் செய்தார்கள்.

புழுதி விதைப்பு நெல்லுக்கு?

இது கடலையைவிடக் கஷ்டம், ஏனென்றால் மழை வருகிற வரை விதை காய்ந்த மண்ணிலேயே கிடக்கும், அத்தனை நாளும் மயிலுக்குத் திறந்த களஞ்சியம். கை விதைப்பைவிட, விதைக்கும் கருவியால் வரிசையாக மண்ணுக்குள் இறக்கினால் தப்புவது அதிகம். கை விதைப்புதான் முடியும் என்றால் விதைத்த கையோடு உழுது மூடிவிடுங்கள், மழைக்கு வெகு முன்னால் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நாற்றங்காலுக்கு முழுதாக வலை போட்டுவிடலாம், சின்ன இடம்தானே.

பளபளக்கும் ரிப்பன், பழைய சேலை வேலி, பொம்மை, பட்டாசு, இவற்றில் எது வேலை செய்யும்?

எல்லாமே வேலை செய்யும், எதுவுமே நிலைக்காது. மயில் கெட்டிக்காரப் பறவை. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற பொம்மை ஒன்றும் செய்யாது என்பதைச் சில நாளில் தெரிந்துகொண்டு அதன் நிழலிலேயே மேயும்.

சேலை வேலி நல்லது, அதை நான் முதலில் சொல்வேன். மயில் பறக்கக்கூடியதுதான், ஆனால் மேய வரும்போது பெரும்பாலும் நடந்துதான் வரும், எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குள் நுழையத் தயங்கும். இடுப்பு உயரத்துக்கு மேல் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் பார்வை மறைகிறது. கருவேலங்காடு இருக்கிற பக்கத்தை முதலில் மறையுங்கள், துணி பற்றாவிட்டால் மற்ற பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். சிவப்பும் வெள்ளியுமான ரிப்பனை ஒரு முழ உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று இரண்டு வரிசையாக, காற்றுக்குக் குறுக்கே, லேசாக முறுக்கிக் கட்டினால் மின்னவும் செய்யும், விர்ரென்று சத்தமும் வரும். விதைத்த அன்று கட்டி, முளைத்ததும் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஆண்டு முழுக்கத் தொங்கினால் மயிலுக்குப் பழகிப்போகும், வெயிலில் வெளுத்தும் போகும்.

பட்டாசைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வட்டாரத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவித்தது. அங்கே நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகிற காலம் என்பதால் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்தப் பக்கத்து விளைநிலங்களில் மயிலை விரட்ட வெடி போட்டால் கண்மாயில் கூட்டில் இருக்கிற பறவை எல்லாம் சேர்ந்து கலையும், குஞ்சு கீழே விழும். மற்ற ஊர்களிலும் வெடிக்கு மயில் சீக்கிரம் பழகிவிடும். பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கிற துப்பாக்கியைக் கையாலும் தொடாதீர்கள், கண் போய்விடும்.

மிளகாய்ப்பொடி தூவினால் வராதாமே? நாற்றமெடுக்கும் கரைசல்?

மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. பாலூட்டிகளுக்கு அதை உணர்கிற நரம்பு அமைப்பு இருக்கிறது, பறவைகளுக்கு அந்த அமைப்பு காரத்தைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் மிளகாய்த் தோட்டத்திலேயே பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்கிறது. பொடி வாங்கின காசு வீண், காற்றடித்தால் எரிச்சல் உங்கள் கண்ணுக்குத்தான். காட்டுப்பன்றிக்குத் தெளிக்கிற நாற்றக் கரைசலும் இதே மாதிரிதான், பன்றி மோப்பத்தில் வருகிறது, மயில் கண்ணால் பார்த்து வருகிறது.

வீட்டுத் தோட்டம் சின்னது. கீரை, தக்காளி எதுவும் மிஞ்சவில்லை.

வலைதான். நாலு பக்கம் மட்டும் கட்டினால் மேலே இறங்கும், தலைக்கு மேலும் சேர்த்துக் கட்டுங்கள். தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், தொங்குகிற வலையில் மயில் கால் மாட்டிக்கொள்ளும், பாம்பும் மாட்டும். கீழ் ஓரத்தை மண்ணில் புதையுங்கள்.

மின்வேலி போடலாமா?

வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது கொலைக் குற்றத்தில் கொண்டுபோய் விடும். ஆடு மேய்க்கிற பிள்ளையும், இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வருகிற பக்கத்துக் காட்டுக்காரரும் அதே வரப்பில்தான் நடக்கிறார்கள். விட்டு விட்டுத் துடிப்பாகப் பாய்கிற சூரிய சக்தி வேலி வேறு வகை, அது உயிரைப் பறிக்காது. அதையும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள், ஆனால் மாட்டுக்கும் பன்றிக்கும் உதவுகிற அளவுக்கு அது மயிலுக்கு உதவாது.

பக்கத்துக் காட்டில் நெல்லில் மருந்து கலந்து வைக்கிறார்கள். சொன்னால் பகை வரும். என்ன செய்வது?

பகை வரும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு. அந்தக் குருணை மருந்து மயிலோடு நிற்பதில்லை. கௌதாரி, புறா, வீட்டுக் கோழி சாகும், செத்ததைத் தின்ற நாய் சாகும், மழை பெய்தால் கண்மாய்த் தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீரை ஊர் மாடு குடிக்கும். சேதம் பார்த்து நொந்தவர்தான் இப்படிச் செய்கிறார், அவரைக் கெட்டவர் என்று தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். அவர் விதைக்கிற வாரத்தில் காவலுக்கு நாமும் வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

சேதத்துக்குப் பணம் கிடைக்குமா?

கேட்டால்தான் பதில் தெரியும், கேட்பதற்குப் பதிவு வேண்டும். சேதமான அன்றே, தேதி தெரியும்படி படம் எடுங்கள், மயில் மேய்கிற படமும் கால்தடமும் இருந்தால் நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண் அலுவலரிடமும் காட்டுங்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதா மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது, அங்கே ஒருவர் எழுந்து பேசுவதைவிட ஊர் முழுக்கச் சேர்ந்து ஆளுக்கொரு மனு கொடுத்தால் எடை வேறு. டீக்கடையில் புலம்புவது எந்தக் கோப்பிலும் ஏறாது.

உழும்போது புதரோரம் முட்டை கிடந்தது. எடுத்துக் கோழிக்கு அடைவைக்கலாமா?

வேண்டாம், அது குற்றம். பெண் மயில் தரையில் 4 முதல் 8 முட்டை வரை இடும், தானே 28 நாள் அடைகாக்கும், ஆண் பக்கத்திலேயே வராது. கூட்டைச் சுற்றி ஒரு பத்தடி வட்டத்தை உழாமல் விட்டுவிடுங்கள். பொரித்த குஞ்சு அன்றைக்கே தாயோடு நடந்து போய்விடும், கூட்டில் கிடக்காது. நீங்கள் இழப்பது ஒரு மாதத்துக்கு ஒரு துண்டு நிலம்.

உங்கள் நிலத்தில் முட்டையே இடக்கூடாது என்றால், பங்குனி பிறப்பதற்கு முன்பே வரப்போரக் கருவேலத்தையும் புதரையும் வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். கூடு வைத்த பிறகு வெட்டினால் அது கூட்டைக் கலைத்த குற்றம். நான் பார்த்த வரையில் இந்த ஒரு வேலைதான் ஆண்டுக்காண்டு பலன் தருகிறது, வேலியும் ரிப்பனும் அந்தந்தப் பருவத்தோடு சரி. தரிசு நிலத்துச் சொந்தக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருந்தால் போன் போட்டுச் சம்மதம் வாங்குங்கள், வெட்டுகிற விறகுக்கே ஆள் வருவார்கள்.

மயில் இருந்தால் பாம்பு வராது என்கிறார்களே, அதற்காகவாவது வைத்துக்கொள்ளலாமா?

சின்னப் பாம்பைத் தின்னும், உண்மை. அதற்காக வீட்டைச் சுற்றிப் பாம்பே இருக்காது என்று நம்பி இருட்டில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். செங்கல் குவியலும் விறகு அடுக்கும் எலியும் இருக்கிற வரை பாம்பும் இருக்கும்.

குழந்தைகளைத் தாக்குமா?

சாதாரணமாக விலகி ஓடிவிடும். ஆண் மயிலுக்குக் காலில் கூரான முள் உண்டு. தீனி போட்டுப் பழக்கிய மயிலும், மூலையில் மடக்கப்பட்ட மயிலும் பாயக்கூடும், குஞ்சோடு இருக்கிற தாயும் அப்படித்தான். குழந்தைகளைத் தோகையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

கோழிகளுக்கு நோய் வருமா?

கோழித் தீனியைத் தின்ன மயில் வந்தால் இரண்டு பக்கமும் நோய் மாறும். தீனியைக் கூண்டுக்குள் வையுங்கள், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். மயிலுக்கு வந்து போகிற காரணமும் அதோடு ஒன்று குறையும்.

உதிர்ந்த தோகையை எடுத்து வைக்கலாமா? சிங்கப்பூருக்குக் கொண்டு போகலாமா?

ஆண் மயில் ஆண்டுக்கொரு முறை தோகையைத் தானாக உதிர்க்கும். அப்படி உதிர்ந்ததை வீட்டில் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. பிடுங்கியதாக இருந்தால் அடிக்குருத்தில் அடையாளம் தெரியும், அது வழக்காகும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போவது தடை, ஒற்றைத் தோகையானாலும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டு கேள்வியும் கேட்பார்கள்.

காயப்பட்ட மயிலோ செத்த மயிலோ கிடந்தால்?

காயம் என்றால் ஒரு துணியைத் தலை மேல் போர்த்துங்கள், கண் மறைந்தால் அடங்கிவிடும். அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ நிழலில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். எண் தெரியாவிட்டால் காவல் நிலையத்துக்குச் சொன்னாலும் தகவல் போய்விடும். செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், நீங்களே குழி தோண்டிப் புதைக்காதீர்கள். வனத்துறை எடுத்துப்போய் கால்நடை மருத்துவரை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்து அவர்களே புதைப்பார்கள். ஒன்றுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் விஷமாக இருக்கக்கூடும். அவர்கள் வருகிற வரை நாயையும் கோழியையும் அந்தப் பக்கம் விடாமல் கட்டி வையுங்கள்.